19 வருஷத்துக்குப் பிறகு ஐஸில ஏறினன், கணைக்கால் விடுதில்லை

பதினேழு வயதில ஸ்கேட்டிங்கை விட்டனான். போன மார்கழி, மகளை ஸ்காபரோ சிவிக் சென்டர் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில திரும்ப ஏறினன். உடம்பு ஒண்டையும் மறக்கேல்லை. ரெண்டு சுத்துக்குள்ள கை தன்பாட்டில விரிஞ்சுது. பத்தாவது நிமிஷம் ரெண்டு கணைக்காலும் முன்பக்கம் எரியத் தொடங்கிச்சு. எலும்புக்குப் பக்கத்தில, வெளிப்புறமா, முழங்காலுக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் கல்லு மாதிரி இறுக்கம். வாங்கில இருந்து லேஸைத் தளர்த்தினா கொஞ்ச நேரத்தில போயிடும். கட்டிக்கொண்டு ஏறினா திரும்ப வரும்.

வயசு போட்டுது எண்டு நினைச்சன். அம்மாவும் "உனக்கேன் பிள்ளை இந்த வேலை" எண்டா. மூண்டாம் கிழமை பிசியோவிட்டப் போனன். அவ கேட்ட முதல் கேள்வி, "சப்பாத்துக்குள்ள உங்கட கால்விரல் என்ன செய்யுது?"

பதில் தெரியேல்லை. அடுத்த முறை ஏறேக்க கவனிச்சன். பத்து விரலும் அடித்தட்டைக் கவ்விப் பிடிச்சிருக்கு, பாதம் மேல இழுபட்டு நிக்குது. எல்லாம் விழுந்திடுவன் எண்ட பயம். பாதத்தைத் தூக்கிற தசை கணைக்கால் முன்பக்கத்திலதான் ஓடுது. அதுக்கு ஒரு நிமிஷமும் ஆறுதல் குடுக்காட்டி நோகாமல் என்ன செய்யும்?

வாடகைச் சப்பாத்துக்குள்ள என்ர குதி எழும்பி எழும்பி விழுந்தது. அதுக்காக மேல் கொக்கியளை இழுத்து இறுக்கினன், அதுதான் பெரிய பிழை. மேல இறுகினா முழங்கால் முன்னுக்கு மடியாது, பாரம் குதிக்குப் போகும், பாதம் இன்னும் மேல இழுக்கும். இப்ப அளவான சப்பாத்து வாங்கிட்டன். விரல் பக்கம் தளர்வு, கணுக்கால் மடியிற இடத்தில நல்ல இறுக்கம், மேல் கொக்கியில ஒரு விரல் நுழையிற இடைவெளி.

உங்களுக்கு இப்பிடி வந்ததோ? எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?

*

தங்கச்சி, நான் ஹாக்கி. நாப்பதில திரும்பினனான். உங்கட நோ லேஸைக் கழட்டினா போகுது, அது நல்லது. என்ர நோ போகேல்லை. மூச்சுப் பிடிக்கவேணும் எண்டு தார் றோட்டில ஓடவும் தொடங்கினன். எலும்பின்ர உட்புறம், பெருவிரல் நுனியளவு ஒரே இடம், அமத்தினா உயிர் போகும், இரவில படுத்தாலும் குத்தும். ஒரு மாதம் மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடினன். எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியேல்லை, எம்ஆர்ஐயிலதான் எலும்பில மயிரிழை வெடிப்பு தெரிஞ்சுது. அந்த சீசன் முழுக்க வாங்கில இருந்து பாத்தன். ஒரே புள்ளியில நோ எண்டால் தயவுசெய்து பொறுத்துக்கொண்டு ஓடாதேங்கோ.

*

அக்கா, கனடாவின்ர ஐஸ் டான்ஸ் வீராங்கனை டெஸா வெர்ச்சூவுக்கும் கணைக்கால் வருத்தம் இருந்தது. பயிற்சி செய்யேக்க தசை வீங்கி, அதைச் சுத்தின உறை இடம் குடுக்காமல் நெரிக்கிற வருத்தம். 2008-இல சத்திரசிகிச்சை, 2010-இல வன்கூவர் ஒலிம்பிக்கில தங்கம், அதே வருஷம் திரும்பவும் சத்திரசிகிச்சை. 2014 ஒலிம்பிக்குக்குப் பிறகு ரெண்டு வருஷம் போட்டியளை விட்டிட்டு வந்து 2018 ஒலிம்பிக்கில ரெண்டு தங்கம். அவவே கத்திக்குப் போகவேண்டி வந்ததெண்டால், நோவுக்கு வெக்கப்பட ஒண்டுமில்லை. பாதம் விறைச்சாலோ முன்பாதத்தைத் தூக்க ஏலாமல் போனாலோ அண்டைக்கே வைத்தியரிட்டப் போங்கோ.

*

எல்லாருக்கும் நன்றி. அண்ணை, வாசிச்ச உடன பெருவிரலால எலும்பு முழுக்க அமத்திப் பாத்தன், அப்பிடிப் புள்ளி ஒண்டும் இல்லை. இப்ப கிழமைக்கு ரெண்டு நாள்தான், முதல்ல 15 நிமிஷம், பிறகு வாங்கில இருந்து லேஸைத் தளர்த்தி ஆறுதல். வீட்டில சமைக்கேக்க குதியால நடக்கிறன், படியில நிண்டு கெண்டைக்காலை இழுக்கிறன். போன ஞாயிறு 40 நிமிஷம் நோவில்லாமல் ஓடினன். நான் விறைச்சு நிண்டால் மகள் பின்னால வந்து "அம்மா, விரல்!" எண்டு கத்துவா. உடன முழங்கால் மடியும்.