ரெசொனேட்டர் கிட்டாரை நேர்ல கேட்டவங்க, வாசிச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நொய்யல்கரை:
திருப்பூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். மெல்லிசைக் குழுவுல ஒருத்தர் பளபளன்னு உலோகக் கிட்டார் ஒண்ணை மடியில படுக்க வெச்சிருந்தார். கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் ஓட்டறதுக்குள்ள அவர் மைக் இல்லாமலே வாசிக்க ஆரம்பிச்சுட்டார். பந்தியில உக்காந்திருந்த எனக்குத் தெளிவாக் கேட்டுச்சுங்க! சாதாக் கிட்டார்னா மேடையை விட்டே எறங்காது. உள்ளுக்குள்ள பேட்டரி ஏதாச்சும் இருக்குங்களா?

கணபதி பட்டறை:
பேட்டரியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கூட்டாளி ஒருத்தர் கிட்டார் கர்ருனு அதிருதுன்னு கொண்டாந்தார், அப்பத்தான் ஒண்ணைத் திறந்து பார்த்தேன். மேல ஓட்டை போட்ட மூடியைக் கழட்டினா, ஒன்பதரை அங்குலத்துல மெல்லிசா ஒரு அலுமினியக் கூம்பு. ஸ்பீக்கர்ல இருக்குமே, அதே வேலைதான். கம்பியோட அதிர்வு, அதைத் தாங்கற பிரிட்ஜ் கட்டை வழியா கூம்புக்குப் போகுது, கூம்பு காத்தைத் தள்ளுது. சாதாக் கிட்டார்ல மேல்பலகை செய்யற வேலை அது. பித்தளை உடம்புதான் சத்தம் போடுதுன்னு பாதிப்பேர் நெனைச்சுட்டு இருக்காங்க. உடம்பு தொனியை மாத்தும், அவ்வளவுதான். மர உடம்புலயும் ரெசொனேட்டர் இருக்குதுங்க.

அந்தக் கூம்பை ஒட்டவே இல்லை. கம்பிங்க அழுத்தற அழுத்தத்துல சும்மா விளிம்புல உக்காந்திருக்கு. விளிம்புல அழுக்குச் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கியிருந்துச்சு. தொடச்சு வெச்சதும் அதிர்வு நின்னுருச்சு. லேத்துல அச்சு மேல தகட்டை அழுத்தி இழைச்ச கூம்புங்க. நம்ம தொழில்தானேன்னு ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன்.

மைக்கும், கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற பிக்கப்பும் பரவாத காலத்துச் சாமான் இது. பேண்டு சத்தத்துல தன் கிட்டார் அமுங்கிப் போகுதுன்னு ஜார்ஜ் பீச்சம்ங்கற கிட்டார்காரர் கேட்டாராம், ஜான் டோப்பியேரா மூணு சின்னக் கூம்பு வெச்சுச் செஞ்சு குடுத்தார். 1927-ல லாஸ் ஏஞ்சலஸ்ல நேஷனல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்லயே டோப்பியேரா பிரிஞ்சு போய், கூடப்பொறந்தவங்களோட டோப்ரோ கம்பெனி தொடங்கினார். அதுல கூம்பு போசியை நிமிர்த்தி வெச்ச மாதிரி இருக்கும். எட்டுக் கால் பிரிட்ஜ் அதோட விளிம்புல நிக்கும்.

பவானிக்கூடல்:
எனக்கு அதோட சத்தத்தைப் பத்திதாங்க பேசணும். வகைக்கு வகை குரலே வேற. ஒத்தைக் கூம்பு, நடுவுல மரவில்லை வெச்சது, பட்டுன்னு பாயும், சட்டுன்னு அடங்கும். சன் ஹவுஸ் மாதிரி அமெரிக்கக் கறுப்பினத்தாரோட ப்ளூஸ் இசை வாசிக்கறவங்க கையில அது முரட்டுத்தனமா நல்லா இருக்கும். டோப்ரோ கொஞ்சம் மூக்கால பேசற தொனி, ப்ளூகிராஸ்ங்கற அமெரிக்க நாட்டுப்புற இசையில கேட்கறது அதுதான். மூணு கூம்புதான் நாதம் நீளமா நிக்கும், இனிப்பாவும் இருக்கும்.

தந்தி மேல கட்டையை வழுக்கி வாசிக்கற கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகின காதுக்கு மூணு கூம்புதான் ஒத்து வரும்னு நான் சொல்வேன். ஒரு ஸ்வரத்துல இருந்து வழுக்கி அடுத்ததுல நிக்கறதுக்குள்ள சத்தம் செத்துட்டா கமகம் எங்க இருக்கு? ஈரோட்டுல தெரிஞ்சவர் ஒருத்தர் ஒத்தைக் கூம்புல மோகனம் வாசிச்சார். தாளக்கட்டா வாசிச்சப்ப சுகமா இருந்துச்சு. ஆலாபனை எடுபடல. டோப்ரோ வாசிக்கற ஜெர்ரி டக்ளஸும், கிட்டாரை மாத்திச் செஞ்ச மோகன வீணை வாசிக்கற விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசிச்ச பதிவு இருக்குது, கேளுங்க. மோகன வீணையில கூம்பு கிடையாது, வாசிக்கற தந்தியோட சேர்ந்து தானா அதிர்ற துணைத் தந்திகள்தான். ரெண்டும் பேசிக்கறது தனி அழகு.

ஆனைமலையான்:
டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் குழுவோட 1985 ஆல்பம் அட்டையில வானத்துல மிதக்குமே, அது இதுதானுங்களா? ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.

கணபதி பட்டறை:
அதேதானுங்க, நேஷனல் ஒத்தைக் கூம்பு. வாங்கறதுக்கு முன்னாடி கழுத்தைப் பாருங்க. சதுரக் கழுத்துன்னா கம்பி ஒசரமா இருக்கும், விரல்ல அழுத்தவே முடியாது. மடியில போட்டு இரும்புத் துண்டாலதான் வாசிக்கணும். நின்னுட்டு விரல்லயும் வாசிக்கணும்னா உருண்டைக் கழுத்து. கம்பி மாத்தறப்ப எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டிராதீங்க, கூம்பு நகந்துரும்.