பெரியப்பா கையெழுத்து போட்டு அனுப்பின பணத்துக்கு பேங்க் பொறுப்பாகுமா?

ஈரோட்டுப்பையன்:
டிஜிட்டல் அரெஸ்ட்னு, போலீஸ் மாதிரி வீடியோ கால்ல வந்து உன்னை கைது பண்ணிருக்கோம்னு மிரட்டி பணம் புடுங்கறதை நியூஸ்ல பாத்தது எங்க வீட்லயே நடந்துருச்சுங்க. பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார், 72 வயசு. உங்க ஆதார்ல வாங்குன சிம்ல மோசடி நடந்திருக்குன்னு போன், அப்புறம் வீடியோ கால்ல போலீஸ் டிரெஸ்ல ஒருத்தன். ரெண்டு நாள் அந்த வீடியோ காலை கட் பண்ணவே விடல, தூங்கறப்ப கூட போனை தலைமாட்டுல நிக்க வெச்சிருக்காரு, பெரியம்மா கேட்டதுக்கு பென்ஷன் வெரிஃபிகேஷன்னாராம். மூணாம் நாள் பேங்குக்கு போயி எஃப்டியை உடைச்சு ஆறரை லட்சத்தை அவன் சொன்ன அக்கவுண்ட்டுக்கு ஆர்டிஜிஎஸ்ல (பேங்க் டு பேங்க்) அனுப்பிட்டாரு. அந்த அக்கவுண்ட்டுக்கு அதுக்கு முன்ன ஒத்த ரூபா அனுப்பினதில்லைங்க. பேங்க் இதுல கொஞ்சமாவது ஏத்துக்க வேண்டாமா?

முன்னாள்_கேஷியர்:
மனசு கஷ்டமா இருக்கு தம்பி, ஆனா ஏத்துக்காது. ஆர்பிஐ 2017 ஜூலைல போட்ட சர்க்குலர் நமக்கு தெரியாம போற பணத்துக்கு. பேங்க் மேலயும் நம்ம மேலயும் தப்பில்லாம வேற எங்கயோ ஓட்டைன்னா, 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் நம்ம தலைல விழாது. நாமளே ஓடிபி குடுத்தா, சொல்ற வரைக்கும் போனது போனதுதான். இங்க அவரே வந்து ஃபார்ம் எழுதி கையெழுத்து போட்டிருக்காரே. நான் கவுண்டர்ல இருந்தப்ப ஒரு பெரியவர்கிட்ட எதுக்கு சார் இவ்ளோ பணம்னு ரெண்டு தடவை கேட்டேன், என் பணத்தை கேக்க நீ யாருன்னு மேனேஜர்கிட்ட போய்ட்டாரு.

ஈரோட்டுப்பையன்:
இவர்கிட்டயும் கேட்டிருக்காங்க சார், அதை மறைக்கல. பேத்தி கல்யாணம்னு சொல்லச் சொல்லி அவனே பாடம் நடத்தி அனுப்பிருக்கான்.

வக்கீல்_மதுரை:
கேஷியர் சார், நீங்க அனுப்புன பேங்கையே பாக்குறீங்க, பணம் போய் விழுந்த பேங்கை விட்டுட்டீங்களே. யாரோ ஒரு அப்பாவி பேர்ல திறந்து வாடகைக்கு விட்ட அக்கவுண்ட், திடீர்னு லட்சக்கணக்குல வருது, வந்த வேகத்துல நாலா பிரிஞ்சு போகுது, அப்ப கேஒய்சின்னு ஆள் யாருன்னு சரிபாக்கறது எதுக்கு? பிரிட்டன்ல 2024 அக்டோபர் 7ல இருந்து இப்படி ஏமாந்து அனுப்புன பணத்தை 85,000 பவுண்ட் வரைக்கும் திருப்பித் தரணும்னு விதியே இருக்கு, அனுப்புன பேங்க் பாதி வாங்குன பேங்க் பாதி. நம்ம ஐடி சட்டம் 66டி ஆள்மாறாட்டத்துக்கு 3 வருசம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம்ங்குது, சரி, அவன் உள்ள போனா பெரியப்பாவுக்கு பணம் வந்துருமா?

முன்னாள்_கேஷியர்:
அந்த விதி இங்க வந்தா மாமன் மச்சான் ரெண்டு பேர் பேசி வெச்சுக்கிட்டு அனுப்பிட்டு ஏமாந்துட்டேன்னு வந்து நிப்பாங்க வக்கீல் சார். அந்த காசு மத்த டெபாசிட்காரங்க காசு.

வக்கீல்_மதுரை:
அங்கயும் கூட்டுக் களவுக்கு கிடையாது, படு அலட்சியமா இருந்தாலும் கிடையாது. ஆனா அலட்சியம்னு பேங்க்தான் நிரூபிக்கணும். இங்க பயந்து போன 72 வயசு மனுசன் நிரூபிக்கணும். வீடியோ கால்ல அரெஸ்ட்டுன்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது, அது அவருக்கு தெரியாதது குத்தமா?

முன்னாள்_கேஷியர்:
வாங்குன பேங்க் விஷயத்துல நீங்க சொல்றது ஞாயம், அதை ஒத்துக்கறேன். தம்பி, சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு எப்ப போன் பண்ணீங்க?

ஈரோட்டுப்பையன்:
மறுநாள் சாயங்காலம் சார். வெக்கப்பட்டு சொல்லாமயே இருந்துட்டாரு. ஒரு அக்கவுண்ட்ல 1,10,000 ரூபா மட்டும் நிறுத்தி வெச்சிருக்காங்க, மீதி எடுத்துட்டானுங்க.

முன்னாள்_கேஷியர்:
நிறுத்துனதை மீட்க கோர்ட் ஆர்டர் வாங்குங்க, அதுக்கு வக்கீல் சார் வழி சொல்வாரு. மீதிக்கு உங்க பேங்க்ல எழுத்துப்பூர்வமா புகார் குடுத்து சீல் வெச்ச காப்பி வாங்கிக்கோங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ பதில் திருப்தி இல்லைன்னாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேனுக்கு போடலாம், அதுக்கு ஃபீஸ் கிடையாது. முதல்ல நான் சொன்னதைத்தான் பேங்கும் சொல்லும், இருந்தாலும் போடுங்க. எஃப்டியை உடைச்ச அன்னிக்கு யார் என்ன கேட்டாங்கன்னு அதுல தேதி நேரத்தோட இருக்கட்டும்.

ஈரோட்டுப்பையன்:
திங்கக்கிழமை போறோம் சார். லெட்டரை பெரியப்பாவே எழுதறேன்னுட்டாரு.