கண்டிக்குத் தனியாக ஒரு நாள்: போகலாமா, வேண்டாமா?

ஹட்டன் மலர்:
கண்டிக்குத் தனியாக ஒரு நாள் போய்வரப் போகிறேன் என்று இங்கே எழுதியதற்கு, "ஒரு நாளில் என்ன பார்க்க முடியும், அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை தனியா" என்றே நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். நான் அதை ஏற்கவில்லை. நம் ஆட்கள் கண்டிக்குப் போவது எப்படி? வேன் பிடித்து குடும்பமாகப் போய், புத்தரின் பல் வைத்திருக்கிற தலதா மாளிகையில் கும்பிட்டு, கடைவீதியில் துணி எடுத்து, சோறு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது. ஒரு அறிவிப்புப் பலகையை நின்று வாசிக்கக்கூட நேரம் கிடைக்காது, யாராவது "வா வா" என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தனியாகப் போனால் என் கால் நிற்கிற இடத்தில் நான் நிற்கலாம். விடியற்காலை பஸ், மாளிகையில் ஒன்பதரைப் பூசை, பழைய ராஜசபை மண்டபமான மகுல் மடுவ, வாவியைச் சுற்றி நடை, அப்புறம் பேராதனைப் பூங்கா, பின்னேரம் திரும்பல். இதில் என்ன பிழை?

பதுளை அண்ணன்:
பிழை நேரத்தில்தான் இருக்கிறது தங்கச்சி. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போய்ச் சேர இரண்டரை, மூன்று மணித்தியாலம். திரும்பவும் அதேதான். பேராதனைப் பூங்கா மட்டும் 147 ஏக்கர், அதற்கே அரை நாள் வேண்டும். மாலை ஆறரைப் பூசையின் மேளச் சத்தத்தைக் கேட்காமல் கண்டி பார்த்தேன் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறினால் கினிகத்தேனைப் பக்கம் இருட்டு, மழை, மூடுபனி. சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்கு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. பயமுறுத்தவில்லை, அக்கறையில் சொல்கிறேன்.

கலஹா வாத்தியார்:
தனியாகப் போவதில் எனக்கு மறுப்பே இல்லை மகள், ஆனால் பேராதனையை வெட்டிவிடுங்கள். மாளிகையைச் சுற்றி நடந்து போகிற தூரத்திலேயே ஒரு முழு நாளுக்கு விசயம் இருக்கிறது. அந்த வாவி இயற்கையானது அல்ல, வயலாகக் கிடந்த இடத்தில் 1807இல் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தது. கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்துக்காரர். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில்தான் கண்டிப் பிரதானிகள் ராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் உடன்படிக்கை நடந்தது. அந்த மரத்தூண்களுக்குப் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்: பிடிபட்ட ராஜா வேலூரில் சிறையிருந்து 1832இல் அங்கேயே இறந்துபோனார். எதிரே நாத தேவாலயம், பக்கத்தில் பத்தினி தேவாலயம். நாம் கண்ணகி என்று கும்பிடுகிற அதே பத்தினிதான், சிங்களச் சனம் தட்டு ஏந்தி வரிசையில் நிற்பார்கள். இதையெல்லாம் ஓடிக்கொண்டு பார்க்க முடியாது. அரண்மனைக்குப் பின்னால் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கல்லில் எழுதியிருப்பதை வாசித்தால் தெரியும், எத்தனை பேர் இளம் வயதிலேயே காய்ச்சலில் போனார்கள் என்று. யானை மிதித்து இறந்தவரும் இருக்கிறார்.

பதுளை அண்ணன்:
சேர், ராஜா கதை பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் சனம் இந்த மலைக்கு வந்தது அந்த ராச்சியம் விழுந்த பிறகு. தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டத்துக்கு வந்த சனம். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறையும் கிடையாது, பெயரும் கிடையாது. துரைமார் கல்லறையைப் போய் வாசி என்று இந்தப் பிள்ளைக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, 1925இல் கட்டிய பழைய பெக்டரிக்குள். அங்கே போகட்டும்.

நாவலப்பிட்டி செல்வி:
அண்ணே, ஹந்தானைக்கு நான் போயிருக்கிறேன். இலை அரைக்கிற மெஷின், எஞ்சின், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் பாவித்த சாமான் எல்லாம் அழகாக வைத்திருக்கிறார்கள். கொழுந்து பறித்தவளைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன், மிகக் குறைவு. நம் கதை வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டிலேயே, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், கண்டியோடு சேர்த்துக் குழப்பக்கூடாது.

துணை விசயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலைக்குத் தனியாகப் போய்த் தனியாகத்தானே வருகிறார்கள்? அப்போது யாரும் துணை தேடுவதில்லை. சம்பளம் கொண்டுவரப் போனால் சரி, தன் மனசுக்காக ஒரு நாள் ஊர் பார்க்கப் போனால் பிழையா? மலர், வெள்ளை உடுப்பு நல்லது, தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் உள்நாட்டவர், மாளிகைக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. வாவிப் பக்கம் "நல்ல இரத்தினக் கல் கடை காட்டுகிறேன்" என்று கூடவே வருகிறவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

பதுளை அண்ணன்:
வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் துணை வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். என் மகளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

ஹட்டன் மலர்:
அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அந்த ஒரு விசயத்தில் உங்களோடு உடன்பட என்னால் முடியாது. துணை கிடைக்கும்வரை காத்திருந்த என் அம்மா, கண்டி வாவியைப் பஸ் ஜன்னலில் இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார். பேராதனையை விடுகிறேன், ஹந்தானையும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போவேன், யார் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், யார் பெயரை வெட்டவில்லை என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். ஆறரைப் பூசைக்கு நிற்கமாட்டேன், காலைப் பூசையிலும் மேளம் அடிக்கிறார்கள். செல்வி அக்கா, கம்பளைக்கு வேறொரு நாள் நீங்களும் வருவதென்றால் சொல்லுங்கள், நாவலப்பிட்டியில் ஏறிக்கொள்ளலாம்.