நம் சிங்கப்பூர் ஆங்கிலம் வெளியாள் கண்ணில் பட்டபோது: உங்கள் அனுபவம்?

துவாஸ்காரன்:
இலக்கணப் புத்தகம் எச்சரிக்கும் தப்புகளால் அலுவலகத்தில் பெரிய வம்பு வருவதில்லை. இங்கே எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதால் யார் கண்ணிலும் படாதவைதான் மாட்டிவிடுகின்றன. எங்கள் பொறியாளர் ஒருவர் திருத்திய வரைபடத்தை ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கு அனுப்பி, கடைசி வரியில் வழக்கம்போல் 'பிளீஸ் ரிவர்ட்' என்று போட்டார். நமக்கு அது 'பதில் போடுங்கள்'. அந்த மனிதருக்கோ 'பழையபடி மாற்றுங்கள்'. திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய வரைபடத்தையே தன் ஆள்களிடம் கொடுத்துவிட்டார். குழாயை வெட்டுவதற்கு முன் அங்கிருந்து ஒருவர் போன் போட்டுக் கேட்டதால் பிழைத்தோம். இனி 'ரிப்ளை' என்றுதான் எழுத வேண்டும் என்று மேலாளர் உத்தரவு. அந்த உத்தரவு வந்த மின்னஞ்சலின் கடைசி வரியிலும் 'ரிவர்ட்' இருந்தது!

ஈசூன் அம்மா:
எங்கள் வீட்டில் இது பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம். மகளை வாட்டுவது ஆங்கில அயற்கூற்று (ரிப்போர்ட்டட் ஸ்பீச்). தமிழில் 'நாளைக்கு வருகிறேன் என்று அண்ணன் சொன்னான்' என்றால் வேலை முடிந்தது. 'என்று' ஒட்டினால் போதும், அண்ணன் பேச்சு அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் 'ஐ' போய் 'ஹி' வர வேண்டும், 'வில்' போய் 'வுட்', மேற்கோள் குறியும் போக வேண்டும். அதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு 'டுமாரோ'வை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுவாள். துணைப்பாட ஆசிரியர் கொடுத்த அட்டவணை மனப்பாடம், ஆனால் தாளில் வராது. கடைசியில், "இதைப் பாட்டியிடம் அடுத்த வாரம் சொல்வதாக நினைத்துக்கொள். அப்போது அண்ணன் சொன்ன நாளை எது?" என்று கேட்டேன். 'த நெக்ஸ்ட் டே' தானாக வந்தது. கேள்வி வாக்கியம் மட்டும் இன்னும் தகராறு. 'வேர் ஷி வாஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹி ஆஸ்க்ட் வேர் வாஸ் ஷி' என்றே எழுதுகிறாள்.

பிடோக் மாமா:
'வுட்' என்றதும் எங்கள் அடுக்குமாடி புளோக் அறிவிப்பு ஞாபகம் வருகிறது. சனிக்கிழமை மின்தூக்கி 'வுட் பி' நிறுத்தப்படுமாம். லண்டனிலிருந்து வந்திருந்த தங்கை மகன் படித்துவிட்டு, "எது நடந்தால் நிறுத்துவார்கள் மாமா?" என்றான். 'வில்' என்றால் அதட்டல், 'வுட்' என்றால் மரியாதை என்று நம்மில் பலருக்கு நினைப்பு. ஒருவரிடம் உதவி கேட்கும்போது 'வுட் யூ' மரியாதைதான், சரி. அறிவிப்பில் போட்டால் ஏதோ நிபந்தனை பாக்கி இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி அரசாங்கம் இயக்கம் தொடங்கியது 2000-இல். இந்த 'வுட்' அதற்கெல்லாம் அசையவில்லை.

துவாஸ்காரன்:
காற்புள்ளியை யாரும் தொடவில்லையே? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவன ஓட்டுநர்கள் மிகைநேரச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு மிகைநேரச் சம்பளம் கிடையாது என்ற சட்டப் பட்டியலில், கடைசி 'ஆர்' (அல்லது) என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. அதனால் 'விநியோகம்' தனி வேலையா, அல்லது 'விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுதல்' என்று சேர்த்துப் படிப்பதா என்பது தெளிவாக இல்லை. சேர்த்துப் படித்தால், விநியோகிக்கும் ஓட்டுநர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். இதைச் சொன்ன பிறகு எங்கள் ஒப்பந்தப் பிரிவில் பட்டியல் எல்லாம் எண் போட்டு வரிவரியாகத்தான் வருகிறது. பக்கம் கூடுகிறது என்று அச்சிடுகிறவர் முணுமுணுக்கிறார்.