சுப்ரபாதத் தட்டைத் தினமும் ஓட்டலாமா?

காட்பாடி:
இன்று காலை எங்கள் வீட்டில் ஓடியது எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம், 1963-ல் எச்.எம்.வி. கம்பெனி வெளியிட்ட எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு. அப்பா வாங்கிய தட்டு, பிளேயரும் அவர் காலத்து ஃபியஸ்டா பெட்டிதான். ஊசியை வைத்ததும் பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்பு வருமே, அதைக் கேட்டால்தான் அம்மாவுக்குப் பொழுது விடியும். உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது?

சத்துவாச்சாரி:
சார், தயவுசெய்து அந்தத் தட்டை ஃபியஸ்டாவில் தினமும் போடாதீர்கள். ஊசியைத் தாங்கும் முனைப்பகுதியான கார்ட்ரிட்ஜ், இன்றைய நல்லது என்றால், இரண்டு கிராம் அளவுக்குத்தான் அழுத்தும், அந்தப் பெட்டியின் ஊசிக்கை அதைவிடக் கனம், ஊசியும் தேய்ந்திருந்தால் அது உளிதான். 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். உள்வட்டத்தில் பள்ளம் ஊசிக்கடியில் மெதுவாக நகர்வதால் அங்கே கொஞ்சம் சீறத்தான் செய்யும், ஆனால் வெளிவட்டத்திலேயே சீறினால் தட்டு தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு முறை நல்ல பிளேயரில் ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட்டு, உறையில் போட்டு நிற்கவைத்துவிடுங்கள்.

காட்பாடி:
உறையில் நிற்கவைக்கவா அப்பா வாங்கினார்? இதே சுப்ரபாதம் செல்போனிலும் இருக்கிறது, அதை எங்கள் வீட்டில் ஒருவரும் முழுசாகக் கேட்டதில்லை. எல்.பி. என்றால் சுமார் 20 நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும், யாராவது எழுந்துபோய்த் திருப்பியாக வேண்டும், அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அது வேண்டும். தட்டு தேயும், சரி. அதே பதிவு எங்கும் கிடைக்கிறது, என்னுடையது தேய்ந்தால் உலகத்துக்கு என்ன குறைந்துவிடும்?

ஆம்பூர்:
எல்லாத் தட்டுக்கும் அப்படிச் சொல்ல முடியாது அண்ணா. எங்கள் தாத்தாவின் 78 அரக்குத் தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகை) ஒரு நாகஸ்வரம் இருக்கிறது, லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது, வாசித்தவர் பெயரே தெரியவில்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், இவரை வேறு எங்கே போய்க் கேட்பது? பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். கீழே விழுந்தால் சுக்குநூறு. அதை ஓட்ட எனக்குக் கையே வரவில்லை.

சத்துவாச்சாரி:
தம்பி, எல்.பி. ஊசியை மட்டும் அதில் வைத்துவிடாதே. 78-ன் பள்ளம் அகலம், மெல்லிய ஊசி அடியில் உரசி இரைச்சலைத்தான் கொடுக்கும். அதற்கான தடித்த ஊசி என்னிடம் இருக்கிறது, எடுத்து வா, ஏற்றிவிடலாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள், காலையிலேயே கிளம்பு. நம் ஊர் சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்ட என் எல்.பி. ஒன்று அப்பளம் மாதிரி நெளிந்துபோனது, இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.
காட்பாடி சார், நான் சொன்னதில் மாற்றமில்லை. உலகத்துக்கு ஒன்றும் குறையாது, உங்கள் வீட்டுக்குத்தான் குறையும். அப்பா கையால் வாங்கிய தட்டு இன்னொன்று எங்கே கிடைக்கும்?

காட்பாடி:
கடைசியில் கேட்டது சுருக்கென்று தைத்துவிட்டது. இந்த வாரமே ஊசியை மாற்றுகிறேன். ஆனால் நாளைக் காலையும் தட்டு ஓடும், அம்மாவிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆம்பூர் தம்பி எந்த நாள் வருகிறது என்று சொல்லுங்கள், அந்த நாகஸ்வரத்தைக் கேட்க நானும் வருகிறேன்.