வீட்டை ஒப்படைத்துவிட்டுப் பயணம் கிளம்புகிறோம், எதை முதலில் செய்வது?

நான்காம் மாடி
6 ஜூலை 2025

வணக்கம். 2022 ஜனவரியிலிருந்து நானும் கணவரும் ஜெர்மனியில், லைப்சிக்கில் இருக்கிறோம். "இரண்டு வருஷம், அதற்கு மேல் இல்லை" என்று பேசிக்கொண்டுதான் வந்தோம். மூன்றரை வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவர் வேலையை விடுகிறார். செப்டம்பர் 30 அன்று வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். அடுத்த எட்டு மாதம் பயணம்.

ரயிலிலேயே பிராக், வியன்னா, புடாபெஸ்ட், புக்கரெஸ்ட், சோஃபியா. அங்கிருந்து இரவு ரயிலில் இஸ்தான்புல். பிறகு அங்காராவிலிருந்து கார்ஸ் வரை ஒரு நாளுக்கும் மேல் ஓடுகிற அந்தக் கிழக்கு விரைவு வண்டி, கடைசியில் பேருந்தில் எல்லை தாண்டி ஜார்ஜியா. எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒரு ரயில் வரைபடம் இருக்கிறது. இந்தப் பாதை முழுவதும் அதில் அவர் பென்சிலால் போட்டு வைத்தது.

வீட்டு நோட்டீஸ் வரைக்கும் சரியாகச் செய்துவிட்டோம். மின்னஞ்சல் செல்லாது, தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு ஜூலை 2 அன்று நேரில் கொடுத்தோம். மூன்று மாதக் கணக்கு செப்டம்பர் கடைசியோடு முடிகிறது.

எனக்குக் குழப்பம் அதற்கு அப்புறம்தான். அவருடையது ப்ளூ கார்டு, அதாவது உயர்கல்வி படித்து இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கான வசிப்பு அனுமதி அட்டை. என்னுடையது அவரைச் சார்ந்த குடும்ப அனுமதி. இரண்டிலும் 2027 மார்ச் வரை என்று அச்சடித்திருக்கிறது. ப்ளூ கார்டுக்காரர்கள் பன்னிரண்டு மாதம் வெளியே இருக்கலாம் என்று படித்தேன். அப்படியானால் எட்டு மாதத்தில் திரும்பி வரலாம்தானே? எங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட். துருக்கிக்கு இணைய விசா எடுப்பதும், ஜார்ஜியாவுக்குள் விசா இல்லாமல் நுழைவதும் இந்த அட்டை செல்லுபடியாக இருந்தால்தான் நடக்கும். நகர அலுவலகத்தில் பெயரை நீக்கிக்கொள்கிற அப்மெல்டுங்கைச் செய்தால் அட்டை போய்விடுமா? செய்யாமலே போய்விட்டால்?

டெபாசிட் மூன்று மாத வாடகை, அதை எப்போது தருவார்கள் என்றும் தெரியவில்லை.

கடைசியாக ஒரு மேஜை. நாங்கள் வந்த இரண்டாவது வாரம், வீட்டில் ஒரு மெத்தையும் பெட்டிகளும் தவிர ஒன்றும் கிடையாது. சமையலறையில் சிங்க் கூட இல்லை, முன்பிருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மாலை, 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்ற சீட்டோடு தெரு ஓரத்தில் ஒரு பைன் மர மேஜை பனியில் நின்றது. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நான்கு மாடி ஏற்றினோம், ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் கால் கைப்பிடியில் இடித்தது. மேல் பலகையின் ஒரு மூலையில் யாரோ காம்பஸ் முனையால் கீறிய வட்டம் ஒன்று இருக்கிறது, முழுதாக மூடாத வட்டம். இந்த மூன்றரை வருஷம் போனில் பேசும்போதெல்லாம் என் விரல் அந்தக் கீறலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. வாடகைக் கிடங்கில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "எதற்கு வைக்கணும், திரும்பி வரப் போகிறோமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எல்பே கரை
7 ஜூலை 2025

தோழி, நான் அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் திட்டத்துக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நீங்கள் படித்த பன்னிரண்டு மாதம் உண்மைதான். வசிப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவில் வருகிறது: மற்ற பெரும்பாலான அனுமதிகளுக்கு ஆறு மாதம், ப்ளூ கார்டுக்கும் அதைச் சார்ந்த குடும்பத்துக்கும் பன்னிரண்டு. ஆனால் அதே பிரிவில், அந்த மாதக் கணக்குக்கு முந்தைய வரியையும் படியுங்கள். தற்காலிகமல்லாத காரணத்துக்காக நாட்டைவிட்டுப் போனால் அனுமதி அப்போதே முடிந்துவிடுகிறது. அங்கே மாதக் கணக்குக்கு இடமே இல்லை. அப்மெல்டுங் மட்டும் தானாக அட்டையை ரத்து செய்யாது. ஆனால் வேலையை விட்டு, வீட்டை விட்டு, சாமான்களை விற்று, பெயரையும் நீக்கிவிட்டு ஒருவர் எல்லை தாண்டினால், "இது தற்காலிகம்தான்" என்று பிறகு சொல்லி நிரூபிப்பது கடினம். அப்மெல்டுங் செய்யாமல் போவதும் வழி அல்ல. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தால் அது கட்டாயம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "நாட்டைவிட்டு" என்பது, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியை விட்டு அல்ல, ஜெர்மனியை விட்டு. உங்கள் பிராக் ரயில் டிரெஸ்டன் தாண்டி ஆற்றோரமாகவே போய்ச் செக் எல்லையைக் கடக்கிறதே, திரும்பும் எண்ணம் இல்லையென்றால் அந்த இடத்திலேயே அனுமதி முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து நாடுகளில் நீங்கள் சுற்றுவது முடிந்துபோன அட்டையை வைத்துக்கொண்டு. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழியிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. அதனால் பாஸ்போர்ட்டை முதன்முதலாக முறைப்படி பார்ப்பது பல்கேரிய - துருக்கி எல்லையில்தான் இருக்கும். இஸ்தான்புல் ரயிலில் நடுராத்திரியில் கபிகுலே நிலையத்தில் எல்லோரையும் இறக்கிப் பெட்டிகளோடு வரிசையில் நிறுத்துவார்கள். கேள்வி கேட்கப்பட நல்ல இடமல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் திட்டத்தை இரண்டாக வெட்டுவேன். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர் ஜூன் 30க்குப் பிறகு வேலையை விட்டால், அந்த ஆண்டின் சட்டப்படியான முழு விடுப்பும் அவருக்கு உண்டு. வாரம் ஐந்து நாள் வேலைக்கு அது 20 நாள். கணவருக்கு விடுப்பு மிச்சம் இருந்தால் செப்டம்பரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பிராக்கிலிருந்து சோஃபியா வரை அப்போது போய்விட்டுத் திரும்புங்கள். வீடும் வேலையும் இருக்கும்போது அது சாதாரண விடுமுறை. பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு ஜெர்மனியிலிருந்து நேராக இஸ்தான்புல்லுக்கு விமானம். பென்சில் கோடு ஓரிடத்தில் அறுபடும். ரயில்பிரியன் என்ற முறையில் எனக்கும் அது வருத்தம்தான்.

வேலை முடிவதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்கும் கடமையும் ப்ளூ கார்டுக்காரருக்கு உண்டு, அதை மறந்துவிட வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் இருவரும் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும்: திரும்பி வரும் எண்ணம் உண்டா? உண்டு என்றால் கிளம்பும் முன்பே அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இல்லை என்றால், இந்த அட்டையைக் காட்டி எந்த நாட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம். இங்கே வசிக்கும்போதே துருக்கித் தூதரகத்தில் சாதாரண விசாவுக்கு விண்ணப்பியுங்கள், ஜார்ஜியாவுக்கு இணைய விசா எடுங்கள்.

சாவிக்கொத்து
7 ஜூலை 2025

டெபாசிட் விஷயத்தில் நாங்கள் நன்றாக அடிபட்டோம், அதனால் சொல்கிறேன். 2023இல் வீட்டை ஒப்படைத்த அன்று எங்களுக்கு மாலையில் ரயில். அவசரத்தில் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம், ஒப்படைப்புப் பத்திரம் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து, வரவேற்பறைத் தரையில் நீளமான கீறல் என்று கடிதம். அந்தக் கீறல் நாங்கள் குடிவந்த நாளே இருந்தது. ஆனால் எங்களிடம் ஒரு படம் கூட இல்லை. ஒரு மாத வாடகை போயிற்று. பணத்தைவிட, செய்யாத தப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான் கசப்பு.

அதனால் பயணத்தை ஒரு நாளாவது தள்ளி வைத்துக்கொண்டு, ஒப்படைப்பைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். அறை அறையாகப் படம். மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர், ஹீட்டர்களில் இருக்கும் அளவுகள், எல்லாம் பத்திரத்தில் ஏறட்டும். நிலவறைச் சாவி, தபால் பெட்டிச் சாவி உட்பட எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்ற எண்ணிக்கையும். இரு தரப்பும் கையெழுத்து. டெபாசிட் வர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

எப்போது வரும் என்பதற்குச் சட்டத்தில் நாள் குறிக்கவில்லை. பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் என்று எதிர்பார்க்கலாம். வெப்பம், தண்ணீர் போன்ற துணைச் செலவுகளின் கணக்கு பாக்கி இருந்தால் அதற்காகக் கொஞ்சம் பிடித்து வைப்பார்கள். கணக்காண்டு டிசம்பரில் முடிகிற வீடு என்றால், 2025 கணக்கைத் தர வீட்டுக்காரருக்கு 2026 டிசம்பர் கடைசி வரை நேரம் உண்டு. எனவே வங்கிக் கணக்கை மூடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கடிதங்களுக்குக் கொடுத்து வையுங்கள்.

அப்மெல்டுங்கைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம், காலி செய்த பிறகு இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வானொலி, தொலைக்காட்சிக்காக ஒவ்வொரு வீடும் கட்டுகிற மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த முடியும். அது தானாக நிற்காது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

மூன்று பெட்டி
8 ஜூலை 2025

மேஜையைக் கிடங்கில் வைக்காதீர்கள் அக்கா. வந்த இடத்துக்கே, தெருவுக்கே அனுப்புங்கள். மழை இல்லாத மாலையாகப் பார்த்து.

இன்னொன்று, தபால் பெட்டியில் இருக்கும் பெயர்ச்சீட்டைக் கடைசி நாள் வரைக்கும் கழற்ற வேண்டாம். இங்கே கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவாகத் தனி எண் கிடையாது, பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நான் ஒரு வாரம் முன்னால் கழற்றினேன். புது வங்கி அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

நான்காம் மாடி
12 ஜூலை 2025

மூவருக்கும் நன்றி. எல்பே கரை கேட்டதை அன்று ராத்திரியே இவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அட்டையில் 2027 என்று இருக்கிற வரைக்கும், நாம் இங்கிருந்து போகவில்லை, சும்மா வெளியே போயிருக்கிறோம் என்று இருந்துவிடலாம் என்று நினைத்தேன்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கிடங்கு, மேஜை என்று நான் கேட்டதெல்லாம் அதைத்தான். அலுவலகத்துக்கு என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோதுதான் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்னோம்.

திரும்பி வரப் போவதில்லை. அப்படியே எழுதி அனுப்பினோம். எழுதி முடித்ததும் நான் அழுதேன், சோகம் என்று சொல்ல முடியாது, ஆனால் அழுதேன்.

அவருக்குப் பதினேழு நாள் விடுப்பு மிச்சம். சோஃபியாவிலிருந்து இஸ்தான்புல் வரையான கோட்டை நேற்று அழிரப்பரால் அழித்தார். காகிதத்தில் பள்ளம் மட்டும் தெரிகிறது.

நான்காம் மாடி
30 செப்டம்பர் 2025

கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது என்பதற்காக இது. செப்டம்பர் முதல் மூன்று வாரம் சோஃபியா வரை போய்த் திரும்பினோம். புடாபெஸ்ட்டிலிருந்து புக்கரெஸ்ட் போகும் இரவு ரயிலில், விடிகாலையில் கார்ப்பாத்திய மலைக்குள் வண்டி மெதுவாக ஏறும்போது இவர் என்னை எழுப்பி ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கே எல்லா அலைச்சலும் தகும். துருக்கி விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்துவிட்டது, ஜார்ஜியா விசாவும் கிடைத்தது.

மேஜையை ஞாயிறு மாலை இறக்கினோம். ஏற்றியதைவிட இறக்குவது சிரமம். சீட்டு ஒட்டிவிட்டு மேலே வந்து ஜன்னலில் நின்றேன். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தார், போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அரை மணியில் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

இன்று பகல் பதினொரு மணிக்கு ஒப்படைப்பு. சாவிக்கொத்து சொன்னபடி எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஐந்து சாவிகளையும் எண்ணிக் கொடுத்தோம். கடைசியாக வாசல் மணியில் இருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். வந்த புதிதில் இவர் கட்டம் போட்ட தாளில் பேனாவால் எழுதியது, வெயிலில் வெளுத்து என் பெயரின் கடைசி எழுத்து மறைந்தே போயிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சீட்டு இருந்தது. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களுடையது, தட்டச்சு செய்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எங்களுடையதை மட்டும் எடுத்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாளை காலை விமானம்.