52ஆவதாம்! யார் எண்ணினார்கள்?

தறிநாடா: 2024 அக்டோபர் செய்தியை வைத்துக் கணக்குப்பித்தன் நேற்று தன் பதிவுக்கு வைத்த தலைப்பு: "52ஆவது மெர்சென் பகா எண் கிடைத்துவிட்டது." மெர்சென் பகா எண் என்பது 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் பகா எண். 2-இன் அடுக்கு 13,62,79,841-இலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது பகா எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நமக்குத் தெரிந்தவற்றுள் 52ஆவது. 'தெரிந்தவற்றுள்' என்று எழுதக் கை வலித்ததா?

கணக்குப்பித்தன்: லூக் டுரான்ட் 17 நாடுகளில் கணினிகளை ஓட்டி 4,10,24,320 இலக்க எண்ணைப் பிடித்திருக்கிறார். உங்கள் கண்ணில் பட்டது ஒரு சொல்! செய்தித்தாள்களும் 52ஆவது என்றுதானே எழுதின?

தறிநாடா: செய்தித்தாள் எழுதினால் வரிசை உறுதியாகிவிடுமா? பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் 1876-இல் அடுக்கு 127 தரும் எண் பகா எண் என்று நிறுவியபோது அது 9ஆவது. பிறகு அதற்குக் கீழே 1883-இல் அடுக்கு 61 வந்தது, 1911-இல் 89, 1914-இல் 107. இன்று அதே எண் 12ஆவது. 2024 அக்டோபரில் இந்தச் செய்தி வந்தபோதும் 48ஆவது வரைதான் இடையில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்திருந்தார்கள். அதற்கு மேல் அப்போது மறுசோதனை முடிந்திருக்கவில்லை.

யாழ்வாசி: ஒரு சந்தேகம். அது என்ன பகா எண்? அதையே நாங்கள் பள்ளியில் முதன்மை எண் என்று படித்தோம்.

கணக்குப்பித்தன்: லூகாஸ் கையால் கணக்குப் போட்ட காலத்துக் கதை இது. இது கணினி யுகம் ஐயா. போன வருடம் அடுக்கு 8,25,89,933 எண்ணின் கடைசி இலக்கம் 7 என்று மூன்று நாள் அடம்பிடித்தவர்தானே நீங்கள்?

தறிநாடா: இரண்டு நாள். 1 என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். கணினி யுகமா? 1983-இல் அடுக்கு 1,32,049, 1985-இல் அடுக்கு 2,16,091. இரண்டும் கணினி கண்டவை. 1988-இல் இவற்றுக்குக் கீழே 1,10,503 முளைத்தது. வரிசை மறுபடி நகர்ந்தது. தெரிந்தவற்றுள்!

கணக்குப்பித்தன்: வங்கிப் பரிமாற்றப் பாதுகாப்புக்கு உதவப்போகும் எண்ணைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் வரிசைச் சண்டை.

தறிநாடா: அடுத்த முத்து! வங்கிக்குச் சில நூறு இலக்கப் பகா எண்கள் போதும், அவையும் ரகசியமாக இருக்க வேண்டும். ஊரறிந்த எண்ணால் பூட்டுவது, பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

யாழ்வாசி: முதன்மை எண்.

வழிப்போக்கன்: இதனால் ஒரு புதிய செவ்விய எண்ணும் (தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்) கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி யாராவது எழுதக்கூடாதா?

தறிநாடா: எழுதலாம். அதையும் 52ஆவது என்று எழுதிவிடாதீர்கள்.

கணக்குப்பித்தன்: 52ஆவது. 52ஆவது. 52ஆவது. தலைப்பை மாற்றப்போவதில்லை.

தறிநாடா: 1876-க்குப் பிறகு 61 வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். படிக்கவே இல்லையா?

யாழ்வாசி: இத்தனை பதிவு போட்டும் இருவரும் பகா எண் என்றே எழுதுகிறீர்கள்.